சூடாமணியின் வலப்பக்கம்

கரமனை அக்கிரகாரத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி நாலடி பின்னால் வருவாள். ஒரு ஜோடி மட்டும் அப்படி நடந்ததில்லை. சமையல்காரர் பிச்சுமணி தம் மனைவி சூடாமணிக்கு வலப்பக்கமாக, தோளுக்குத் தோள் சரியாக நடப்பார். அவள் கையில் ஒரு முழ நீளத்துக்கு, சமையல் கிளறுகிற இரும்புச் சட்டுகம் இருக்கும். கோவிலுக்குப் போனாலும் இருக்கும், ஆற்றங்கரைக்குப் போனாலும் இருக்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பழையவர்கள் சிரிக்க மாட்டார்கள். அந்தச் சட்டுகம் யார் யார் முதுகில் விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

பிச்சுமணி செய்தது தேகண்டம், அதாவது விருந்துச் சமையல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் கரமனையிலும் பக்கத்துக் கோட்டைக்குள்ளும் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், பிச்சுமணிக்கு அன்று ஒழிவு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் முகூர்த்தம் வைத்தார்கள். அந்தச் சமையலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தெய்வத்துக்கு முதல் இலை போட்டு முடிகிறவரை எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பும் புளிப்பும் மூக்குக்குத் தெரிய வேண்டும், பதம் காதுக்குத் தெரிய வேண்டும். பிச்சுமணிக்குத் தெரிந்தது. கொதிக்கும் சாம்பாரின் ஆவியைக் கையால் முகத்துக்கு வாரிக்கொண்டு, "உப்பு ஒரு பிடி கொறவு" என்பார். பால்பாயசத்துக்கு மட்டும் காது. வாயகன்ற வெண்கல உருளிக்கு மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பால் தளதளவென்று கொதிப்பதற்கும் கனத்துப்போய் மொத்துமொத்தென்று வெடிப்பதற்கும் நடுவே ஒரு சத்தம் உண்டாம். அந்தச் சத்தத்தில் இறக்கினால் பாயசம் இளஞ்சிவப்பாக வரும். தாண்டினால் அடிப்பிடிக்கும்.

அவர் அப்படிக் காது கொடுத்து நிற்கும்போது அடுக்களையில் யாரும் பேசக் கூடாது. பேசினால் அடி.

சட்டுகத்தைத் திருப்பிப் பிடித்து, பின்புறத்தால் அடிப்பார். யாரை அடிக்கிறார் என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கண் உருளியில் இருக்க, கை மட்டும் பின்னால் போய் வரும். அவரிடம் வெகுகாலம் வேலை செய்த சேஷனுக்கு இடது புருவம் பிளந்தது ஒரு பூணூல் கல்யாணத்தில். சேஷன் அன்று பேசக்கூட இல்லை, தும்மினான். ரத்தம் கண்ணுக்குள் வழிய, துணியால் கட்டிக்கொண்டு பரிமாறினான். வேறொருவனுக்குக் கட்டைவிரல் நகம் போயிற்று. இன்னொருவன் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கப் போய்விட்டான். "அங்கே முதுகு மட்டும்தான் வலிக்கும்" என்பது அவன் சொன்ன காரணம்.

வீட்டிலும் அதே கைதான்.

சூடாமணி அடி வாங்கியது தெருவுக்குப் புதுச் செய்தி அல்ல. சுவர்கள் ஒட்டிய வீடுகள், எல்லாம் கேட்கும். "கூப்பிட்டா திரும்ப மாட்டா. திமிராக்கும். தலைக்கு மேல ஏறினது" என்று பிச்சுமணியே வெளியில் சொல்வார். கூப்பிடுவார், அவள் திரும்ப மாட்டாள், எழுந்துபோய் அறைவார். மறுநாளும் அதே கதை. அடிக்க அடிக்கத் திமிர் கூடுகிறது என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

மாலையில் பெண்கள் ஆற்றுப்படியில் உட்கார்ந்து பேசுவார்கள். சூடாமணிக்கு இடப்பக்கம் யாரும் உட்காருவதில்லை. இப்படி ஒரு விதியை யாரும் சொல்லிவைக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்லும் சமாசாரம் வீணாகும் என்று தெரிந்து, ஒவ்வொருத்தியாக வலப்பக்கம் மாறிக்கொண்டார்கள். வீட்டில் அவள் எப்போதும் இடது தோளைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். பிச்சுமணி தினமும் அதைப் பார்த்தார். பார்த்தாரா என்பதுதான் பின்னால் கேள்வியாயிற்று.

அந்தக் கேள்வி வந்த நாள், கரமனையிலேயே ஒரு கல்யாண நாள். கொல்லைப்புறத்தில் பந்தல் போட்டு அடுப்பு மூட்டியிருந்தார்கள். காய் நறுக்க ஆள் குறைவு என்பதால் தெருப் பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். சூடாமணியும் வந்தாள். முகூர்த்தம் நெருங்கியது. பிச்சுமணி பாயச உருளிக்கு மேல் தலையைச் சாய்த்துவிட்டார். அடுக்களை முழுக்க வாயை மூடிக்கொண்டது.

மூடாத ஓர் இடம் உண்டு. சாதம் வெந்த வார்ப்பு இறங்கும்போது கத்தாமல் முடியாது. அண்டாவைவிடப் பெரிய பாத்திரம் அது. வளையங்களில் கம்பைக் கோத்து, ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கஞ்சி வடிக்கும் குழிக்குப் போக வேண்டும். பாதி வழியில் நிற்க முடியாது. அதனால் "மாறிக்கோ, மாறிக்கோ" என்று கூவிக்கொண்டே போவார்கள். காதில் விழுந்தவன் விலகுவான். பிச்சுமணி அடிக்காமல் விட்ட ஒரே சத்தம் இதுதான்.

சேஷன் முன்கம்பில் இருந்தான். சூடாமணி பூசணிக்காய்த் தட்டை எடுக்கக் குனிந்திருந்தாள். அவளுடைய இடது பக்கம் அவர்களைப் பார்த்திருந்தது.

"மாறிக்கோ, மாறிக்கோ. மாமி, மாறிக்கோங்கோ."

அவள் மாறவில்லை. சேஷன் உடம்பைத் திருப்பினான், பின்கம்புக்காரன் நேரே வந்தான், வார்ப்பு சாய்ந்தது. கொதிக்கும் கஞ்சி அவளுடைய இடது தோளிலும் முதுகிலும் முழங்கைவரையும் கொட்டியது. புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவள் போட்ட சத்தத்தில் கல்யாணக் கூடத்தில் நாதஸ்வரம் நின்றது.

பிச்சுமணி திரும்பவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் பின்னால் நீட்டி, 'பேசாதே' என்று காட்டினார். பார்த்தவர்கள் அத்தனை பேரும் இதைச் சொல்கிறார்கள். மனைவி தரையில் புரள்கிறாள், அவர் கை நீட்டியபடி நிற்கிறார். பிறகு அவருக்கு வேண்டிய சத்தம் வந்திருக்க வேண்டும். "எறக்கு" என்றார். உருளியை இறக்கினார்கள். அதற்கப்புறம்தான் சட்டுகத்தோடு திரும்பினார். நேரே சேஷனிடம் போனார்.

"கண்ணு எங்கடா வெச்சுண்டு தூக்கினே?"

"மாமா, நான் கத்தினேன். எல்லாருமாக் கத்தினோம். மாமிக்கு அந்தக் காது கேக்காதுன்னு தோணறதுக்குள்ள கால் போயிடுத்து."

"எந்தக் காது?"

சேஷன் அவரையே பார்த்தான். பக்கத்தில் சூடாமணியின் மேல் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எடது காது. ஒமக்குத் தெரியாதா?"

சட்டுகம் எழுந்தது. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக சேஷன் அதை நடுவழியில் பிடித்தான். "ஓய்" என்றான். அதுவரை மாமா என்றே கூப்பிட்டவன். "அடிச்சுப் போக்கினதே நீராக்கும். இந்தத் தெருவுல பூனைக்குக்கூடத் தெரியும் ஓய்."

பிச்சுமணி மறு கையால் அவன் தொண்டையைப் பிடித்தார். சேஷன் அவரைத் தேங்காய்க் குவியலில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, முகத்தில் குத்தினான். புருவத்துக்கு ஒன்று என்று சொல்லிக் குத்தினான். நகம் போனவன் அங்கேதான் நின்றான், விலக்கவில்லை. யாருமே விலக்கவில்லை. பிச்சுமணிக்கு முன்பல் ஒன்று உடைந்து, வாய் நிறைய ரத்தம். சேஷன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அப்புறம் அந்த அடுப்பின் பக்கம் அவன் வரவே இல்லை.

அன்றைய பாயசம் மிகப் பிரமாதம் என்று பந்தியில் எல்லாரும் சொன்னார்கள்.

சூடாமணியின் தம்பி நீலகண்டன் கோட்டைக்குள் குடியிருந்தான், குமாஸ்தா வேலை. அன்றே ஒற்றைமாட்டு வண்டியோடு வந்து, அக்காவை வாழையிலையில் கிடத்தித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். பிழைப்பாளா என்று வைத்தியர் முதலில் சொல்லவில்லை. பிழைத்தாள். பிழைத்தபின், திரும்பி வருவாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பிச்சுமணி கோட்டைக்குப் போனார். நீலகண்டன் வாசலில் வழிமறித்தான். கையில் குடை.

"அத்திம்பேர்னு கூப்பிட்ட வாயாக்கும் இது. இனிமே வராது."

"அவளை ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்."

"இத்தனை நாள் பாக்கலையே, இப்போ என்ன அவசரம்?"

அடுத்ததாகக் குடைதான் பேசியது. தோளில், விலாவில், மண்டையில். தெரு கூடிவிட்டது. பத்மதீர்த்தக் குளத்தில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத் துணியோடு நின்று பார்த்தார்கள். பிச்சுமணியின் வலது கை மேலே எழுந்தது.

அந்த நிமிஷத்தைப் பற்றி அவர் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார். "கை எழும்பினத நான் பாத்தேன், கேட்டேளா. அதுக்கு முன்னால ஒரு தரம்கூடப் பாத்ததில்லை. அது எழும்பும், விழும், எவனாவது அழுவான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அன்னிக்கு, இதோ எழும்பறதுன்னு பாத்தேன். ஏதோ வேற ஆத்துப் பசு நம்மாத்துக் கொல்லைக்குள்ள வராப்பல இருந்தது."

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மறு கையால் பிடித்துக்கொண்டார். நீலகண்டன் அடித்துக்கொண்டே இருந்தான். குடை இரண்டாக முறிந்தது. அப்போதுதான் ஜன்னலிலிருந்து சூடாமணியின் குரல் வந்தது.

"நீலாண்டா, மதி, நிறுத்து. கொடை அப்பாவோடதாக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீலகண்டன் மூச்சு வாங்கிக்கொண்டு ஒதுங்கினான். பிச்சுமணி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். நெற்றியிலிருந்து ரத்தம் ஒழுகிற்று.

"என்னிக்கு அடிச்சேன்?" என்றார்.

"எது?"

"காது போனது."

சூடாமணி வலது காதை அவர் பக்கமாகத் திருப்பிக் கேட்டாள். அவள் அப்படித் திருப்பித்தான் எப்போதும் கேட்டாள். அது ஏனென்று அவருக்கு அன்று விளங்கிற்று.

"புளி காயப்போட்டிருந்தேன் முத்தத்துல. நீங்க பாயசம் வெச்சிண்டிருந்தேள், கல்யாணத்துக்கு முன்னால ருசி பாக்கணும்னு யாரோ கேட்டிருந்தா. மேகம் கறுத்துண்டு வந்தது. மழை வரதுன்னு சொல்ல வந்தேன். ஏன்னான்னேன். பாக்கிய நீங்க சொல்ல விடலை."

பிச்சுமணி நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "புளி நனைஞ்சது ஞாபகம் இருக்கு" என்றார். "அடிச்சது ஞாபகம் இல்லை."

"புளி நனைஞ்சதுக்கும் அடிச்சேளே. அது?"

அதுவும் இல்லை. எந்தக் கல்யாணத்தில் எந்த வீட்டு உருளி எவ்வளவு நேரத்தில் இறங்கிற்று என்று சொல்லக்கூடிய மனுஷன். மனைவியின் காது போன நாளில் அவர் அங்கே இருந்தார், ஆனால் இல்லை. கை மட்டும் இருந்திருக்கிறது.

"அன்னிக்குப் பாயசம் எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டார். பழக்கம்தான். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நன்னா இருந்தது" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

அதன்பின் தினம் வந்தார். தெருவில் நிற்பார், ஜன்னல் திறக்காது, போய்விடுவார். நீலகண்டன் மறுபடி அடிக்கவில்லை. பக்கத்து வீட்டார் கேட்டதற்கு, "கொடை ரிப்பேருக்குப் போயிருக்கு, வரட்டும்" என்றான். கல்யாண வேலைகள் வேறு ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அடிபடாமல் சம்பாதிக்க வழி இருக்கும்போது உதவிக்கு யார் வருவார்கள்?

முதுகுப் புண் ஆறித் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டபின், ஒரு நாள் ஜன்னல் திறந்தது.

"சட்டுகத்தக் கொண்டு வாங்கோ."

கொண்டுவந்தார். கம்பி வழியே உள்ளே வாங்கிக்கொண்டாள். எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இது இனி எங்கிட்ட இருக்கும். நீங்க போற கல்யாணத்துக்கெல்லாம் நானும் வருவேன். சட்டுகம் வேணும்னா எங்கிட்ட வந்து கேக்கணும். வலப்பக்கமா வந்து, மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். பின்னாலேருந்து கூப்பிட்டா குடுக்க மாட்டேன். காரியம் ஆனதும் திருப்பித் தரணும்."

"ஒரு கல்யாணத்துல நூறு தரம் வேணுமே சூடா."

"நூறு தரம் வாங்கோ."

உள்ளேயிருந்து நீலகண்டன், "அக்கா, இவரை நம்பியா போறே?" என்றான்.

"இவரை யாரு நம்பினா? இதை நம்பித்தான் போறேன்" என்று சட்டுகத்தைக் காட்டினாள்.

கரமனைக்கு வண்டியில் வந்தார்கள். அவர் வலப்பக்கம் உட்கார்ந்தார்.

முதல் கல்யாணம் கேலிக்கூத்தாயிற்று. கூட்டான் குழம்பைக் கிளற வேண்டும், சட்டுகம் இல்லை. ஓடுவார். சூடாமணி பந்தல் மூலையில் சுவருக்கு இடது தோளைக் கொடுத்து மணைமேல் உட்கார்ந்திருப்பாள். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, குனிந்து, முகத்தைப் பார்த்துக் கேட்பார். தருவாள். சம்பந்தி வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். "சமையல்காரருக்கு உத்தரவு ஆச்சா?" என்று ஒருவன் கத்தினான். பிச்சுமணியின் கழுத்து நரம்பு புடைத்தது. கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு நாளைக்கு நூறு தரம் ஒரு முகத்தைப் பார்த்தால், பார்க்காமல் இருக்க முடியாது. மேகம் போட்டால் அவளுக்குத் தோள் இழுக்கிறது என்று பார்த்தார். "மாறிக்கோ" என்ற கூவலின்போது ஆட்களின் வாயை அவள் கண்ணால் தேடுவதைப் பார்த்தார். மேல்வரிசையில் அவளுக்கு ஒரு பல் இல்லை. இதையும் புதிதாகப் பார்த்தார். எப்போது போனது என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

இதனால் அவர் சாதுவாகிவிட்டார் என்று எழுதினால் பொய்யாகும். அடுத்த வருஷம் ஒரு சீமந்தத்தில், திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த ஆள் தேங்காய்ப்பாலைச் சாய்த்துவிட்டான். பிச்சுமணியின் வெறுங்கை எழுந்தது. எழுந்ததைப் பார்த்தாரோ என்னவோ, நிறுத்தவில்லை. அவன் கன்னத்தில் விழுவதற்குள், மணையிலிருந்து எழுந்து வந்த சூடாமணி சட்டுகத்தைத் திருப்பி அவர் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். பின்புறத்தால், அவர் வழக்கமாக அடிக்கும் அதே பக்கத்தால். எலும்பு முறிந்த சத்தம் அடுக்களைக்கே கேட்டது. அவளுக்குக் கேட்டதா தெரியாது.

பிச்சுமணி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"துணி சுத்திண்டு எழுந்திருங்கோ. அவியல் கெடக்கு" என்றாள் சூடாமணி. திரும்பிப் போய் மணையில் உட்கார்ந்தாள்.

மணிக்கட்டு கோணலாகவே கூடிற்று. மழைக்காலத்தில் அவளுக்குத் தோளும் அவருக்குக் கையும் ஒரே நேரத்தில் வலித்தன. தைலத்தைச் சூடாக்கினால் ஒரே கிண்ணத்தில் இருவருக்கும் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் யாரையும் அடித்ததாகத் தகவல் இல்லை. அடிக்காததற்குக் காரணம் பயம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வக்கீல் ராமசுப்ரமணியன் வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததற்குப் பயம் காரணமாக இருக்க முடியாது.

ஊரின் பெரிய மனிதர்கள் வந்திருந்த கல்யாணம். பாயச உருளி கடைசிப் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. பிச்சுமணி தலையைச் சாய்த்தபடி துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சூடாமணி மணையை விட்டு எழுந்து வந்தாள். இத்தனைக்கப்புறமும் அந்த நேரத்தில் யாரும் அவர் பக்கத்தில் போவதில்லை. அவள் போனாள்.

"ஏன்னா."

பிச்சுமணி உருளியிலிருந்து தலையைத் தூக்கினார். அவளைப் பார்த்தார்.

"எலைக்கட்டுக்குப் பின்னால பூனை குட்டி போட்டிருக்கு" என்றாள். "எலை எடுக்கப் போனேன், சீறித்து. மூணு இருக்கு. ஒண்ணு கறுப்பு. சுண்டுவிரல் அளவுக்கு வால்."

"அப்படியா?"

"தாய்ப்பூனைக்கு வயிறு ஒட்டிக் கெடக்கு. கொறச்சு, ஒரு வாய் பால் குடுத்தா என்ன?"

"குடுக்கலாமே. கண்ணு தொறந்துடுத்தோ குட்டிக்கு?"

"கறுப்புக்குத் தொறக்கலை. மத்தது சரியாப் பாக்கலை."

துடுப்பு நின்றிருந்தது. மொத்துமொத்தென்று உருளி வெடித்தது. அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குனியவில்லை. பிறகு தீய்ந்த மணம் பந்தல் முழுக்க எழுந்தது. பிச்சுமணியின் கையில் முதல்முறையாகப் பாயசம் அடிப்பிடித்தது.

வக்கீலின் தம்பி கூடத்திலிருந்து ஓடி வந்தான். உருளியைப் பார்த்தான். பிச்சுமணியின் கழுத்துத் துண்டைப் பிடித்து முறுக்கி, "ஜட்ஜிக்கெல்லாம் எலை போட்டாச்சு. பெண்டாட்டியோட கொஞ்சறதுக்காடா வந்தே?" என்று கன்னத்தில் அறைந்தான். ஒன்று, மறுபடி ஒன்று. பிச்சுமணி கோணல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உதட்டில் ரத்தம்.

அவன் சூடாமணிக்கு இடப்பக்கம் நின்றதால் வார்த்தை அவள் காதில் விழவில்லை. கை விழுந்ததைப் பார்த்தாள். சட்டுகம் அவள் தலைக்கு மேல் எழுந்தது. வக்கீலின் தம்பி பின்வாங்கக் காலை எடுத்தான், விறகில் தடுக்கி உட்கார்ந்தான்.

பிச்சுமணி அவளைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். முகத்துக்கு நேரே நின்றார்.

"சூடா, மதி. பாயசம் நெஜமாவே அடிப்பிடிச்சுடுத்து."

"அதுக்குக் கை நீட்டுவாளோ?"

பிச்சுமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைத் துடைக்கக்கூட இல்லை.

"நீட்டப்படாது" என்றார்.

சட்டுகம் மெல்ல இறங்கிற்று. கீழே உட்கார்ந்திருந்தவனைத் தாண்டி, அடிப்பிடிக்காமல் மேலாக நின்ற பாயசத்திலிருந்து ஒரு கரண்டி பாலை வழித்து தாய்ப்பூனைக்காக ஒரு தேங்காய்ச் சிரட்டையில் விட்டுக்கொண்டாள் சூடாமணி. முதல் இலை தெய்வத்துக்குப் போனதா என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

"கண்ணு தொறந்துடுத்தான்னு கேட்டேளே" என்றாள். "வந்து பாருங்கோ."

இருவரும் இலைக்கட்டை நோக்கி நடந்தார்கள். அவர் வலப்பக்கம்.